தையல் கடைக்கு முப்பத்தொரு மார்க்

பென்னாகரம்
பிப்ரவரி 11

அன்புள்ள ஆக்சிலியாவுக்கு,

இசபெல்லா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் அமல்தாஸும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. நூற்றுக்கு எண்பத்தெட்டு மார்க் வாங்கினவளுக்கு என்ன குறை?

டெண்டர் முடிவு வந்த வியாழக்கிழமையிலிருந்து ஏழு தடவை போன் பண்ணிவிட்டாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் கத்துவேன். நான் கத்தினால், மெட்ராஸுக்குப் போய் நாலு வருஷத்தில் நீ கற்றுக்கொண்டு வந்திருக்கிற அந்த மெதுவான குரலில், கொஞ்சம் புரிஞ்சுக்கோ இசபெல் என்பாய். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார், அந்த வசதிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் அடி உதை படுகிற பெண்களுக்குப் பென்னாகரத்தில் உதவி மையம் நடத்த வேண்டும், மூன்று வருஷ ஒப்பந்தம், தொண்டு நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம் என்று பேப்பரில் டெண்டர் வந்த அன்றைக்கு, அதைப் போட்டோ எடுத்து முதலில் உனக்குத்தான் அனுப்பினேன். பதினாலு வருஷமாகச் சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு அரசாங்கமே ஆள் தேடுதே என்ற சந்தோஷத்தில் அனுப்பினேன். அதில் பத்து வருஷம் நீயும் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுத்தவள்தானே. நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டாய். உன் டிரஸ்டும் விண்ணப்பிக்கப் போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? டெண்டர் விதிகளைப் பேசக் கூப்பிட்ட முன்கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே தெரியும்.

போன மாதம் ஆய்வுக்கு மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். கடையில் அப்போது இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் சூடு போட்ட தழும்பு, முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி அவள் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை, நிஜமாகவே பாவாடை தைக்க வந்தவள். மையம் எங்கேம்மா, இங்கே தையல் கடைதானே இருக்கு என்று அவர்களில் பெரியவர் கேட்டார். இதுதாங்க சார் என்றேன். அப்ப இவங்க யாரு என்றார். நான் என்ன சொல்லட்டும், நீயே சொல். கஸ்டமருங்க சார் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆய்வின்போது மையம் செயல்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அப்புறம் மூன்று வருஷத்துக்கு வந்தவர்களின் பேர், ஊர், கையெழுத்து உள்ள பதிவேடு எங்கே என்றார்கள். நம்மிடம் ஏது பதிவேடு? முதல் வருஷம் வைத்திருந்த ஒரே நோட்டை ஒருத்தியின் புருஷன் கடைக்குள் வந்து புரட்டினான். அன்றைக்கு மத்தியானமே அதை அடுப்பில் போட்டவள் நீ. இனிமேல் இங்கே ரவிக்கை அளவைத் தவிர எதையும் எழுதக் கூடாது என்று சொன்னவளும் நீ. அதை நான் இன்றுவரை காப்பாற்றினேன். அதற்குப் பதிவேடு என்ற தலைப்பில் எனக்குச் சைபர்.

மார்க் போடுகிற ஆபீஸர்கள் முன்னால் நீ திரை போட்டுப் பேசினாயே, அப்போது கடைசி வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு தையல் மெஷின். ரவிக்கைத் துணியோடு வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பெண்கள் தயக்கமில்லாமல் வந்து பேசுவார்கள், இதுவே எங்கள் அணுகுமுறை என்று இங்கிலீஷில் சொன்னாய். அத்தனை ஆபீஸரும் எழுதிக்கொண்டார்கள். யாருடைய மெஷின் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அடி போடி! எனக்கு முப்பத்தொரு மார்க். அதில் பத்து, பென்னாகரத்திலேயே குடியிருப்பதற்காம்.

எனக்குப் பொறாமைதான். மறைக்கவில்லை. உன் புடவை, உன் இங்கிலீஷ், மேடம் மேடம் என்று உன் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றின் மேலேயும் பொறாமை. வயிறு எரிகிறது.

உன் அண்ணன் மரியசூசையை பாலக்கோடு மார்க்கெட்டில் பார்த்தேன். தக்காளியை இறக்கிவிட்டு விலையைக் கேட்டு முகம் செத்து நின்றார். அவருக்காவது அடிக்கடி போன் பண்ணு.

இப்படிக்கு,
தோற்றுப்போன
இசபெல்லா

---

பென்னாகரம்
ஏப்ரல் 27

அன்புள்ள ஆக்சிலியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டைப் அடித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம். மையத்தில் களப்பணியாளர் வேலை காலியாக இருக்கிறது, நீ சேர்ந்துகொள், மையத்தைப் பார்த்துக்கொள்கிற மோனிஷா உனக்கு வேலை பிரித்துக் கொடுப்பாள் என்று எழுதியிருக்கிறாய். மோனிஷா படிப்பு முடித்து ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் எனக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும்! படித்துவிட்டு அமல்தாஸிடம் கொடுத்தேன். நல்ல மனசோடதான் எழுதியிருக்கா என்றார். எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது.

திறப்பு விழாவுக்கு நீ வரச் சொல்லியும் நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்தேன். எதிர்ப்பக்கம் ஜூஸ் கடையில் நின்றேன், ஒரு சாத்துக்குடி ஜூஸை ஒரு மணி நேரம் குடித்தேன். ரிப்பன், கேக், புது பீரோ, ஏசி, எல்லாம் பார்த்தேன். அந்த போர்டையும் பார்த்தேன். வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவி மையம் என்று பஸ் ஸ்டாண்டுக்கே தெரிகிற மாதிரி சிவப்பு எழுத்து. முன்கூட்டத்தில் நான் எழுந்து, பெரிய போர்டு வைத்தால் எவளும் உள்ளே வர மாட்டாளுங்க, அந்த விதியை மட்டும் எடுத்துடுங்க என்று கேட்டேன். ஆறடிக்கு நாலடி, சாலையிலிருந்து தெரிய வேண்டும், அது விதி என்றார்கள். அப்போது நீ எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தெரியாதா, நான் சொல்வது சரி என்று? வாயைத் திறந்தாயா? குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய்.

உன் மையத்துக்கு இந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று பேர். அதில் ஒருத்தி ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்தவள். சந்தோஷப்பட்டேன். பாவம்தான், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன். ஆனாலும் சந்தோஷப்பட்டேன்.

உன் மோனிஷா பத்து நாள் முன்னாடி என் கடைக்கு வந்தாள். ஆன்ட்டி, உங்ககிட்ட வர்றவங்களை எங்ககிட்ட அனுப்புங்க, நாங்க வக்கீல் வைக்கிறோம், தங்க இடம் கொடுக்கிறோம், எங்களால முடியும் என்று நல்லவிதமாகத்தான் பேசினாள். நான் டேப்பை எடுத்து அவள் தோள் அளவை எடுத்தேன். பதினாலரை, கழுத்து எவ்வளவு இறக்கம் வைக்கட்டும் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை கண் கலங்கிப் போய்விட்டாள். போகட்டும் என்று இருந்தேன்.

உன் வேலை எனக்கு வேண்டாம். என் ஸ்டூல் எனக்குப் போதும். இனிமேல் எனக்கு எழுதாதே. பத்து வருஷம் கூட இருந்தது என் வேலையைத் திருடிக்கொண்டு போகத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இசபெல்லா

---

பென்னாகரம்
ஜூன் 18, புதன்

ஆக்சி,

நேற்றிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. போன கடிதத்தில் அப்படி எழுதினவளுக்கு யார்தான் எடுப்பார்கள்? இதை எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுசாகப் படி. பாதியில் நிறுத்தாதே.

நிர்மலாதேவியை உனக்கு நினைவிருக்கும். மாதவராஜ் பெண்டாட்டி. நீ மெட்ராஸ் போவதற்கு முந்தின வருஷம், உதடு கிழிந்து வந்தவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஊக்கு தைக்கச் சொல்லிக்கொடுத்தாயே, அவள். அப்புறமும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துணியோடு என்னிடம் வருவாள். கொஞ்ச நேரம் அழுவாள், புகார் வேண்டாங்க்கா என்பாள், டீ குடித்துவிட்டுப் போவாள்.

போன செவ்வாய்க்கிழமை, பத்தாம் தேதி, சந்தை நாள், மத்தியானம் வந்தாள். கடை நிறைய ஸ்கூல் யூனிஃபார்ம். கையில் ஒரு பச்சை ரவிக்கைத் துணி. வழக்கமாக மடியில் வைத்துக்கொள்வாள், அன்றைக்கு அதை மெஷின் மேலேயே வைத்தாள். அக்கா, இனிமேல் அந்த வூட்டுல என்னால இருக்க முடியாதுங்க்கா, ஏதாச்சும் பண்ணுங்க என்று காதோரமாகச் சொன்னாள். அஞ்சு வருஷத்தில் முதல் தடவை அப்படிக் கேட்டாள் ஆக்சி. எத்தனை வருஷமாக அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? அன்றைக்குக் காலையில்தான் பேப்பரில் உன் போட்டோ பார்த்திருந்தேன். ஏதோ விருது, சால்வை. அந்த எரிச்சல் அப்படியே இருந்தது. துணியை அவள் பக்கம் தள்ளினேன். இதெல்லாம் நான் இப்போ பார்க்கிறதில்லை, அதுக்குத்தான் ஏசி போட்டு சென்டர் திறந்து வச்சிருக்காங்களே, ஆக்சிலியா மேடத்தோட சென்டர், பஸ் ஸ்டாண்டுகிட்ட பெரிய போர்டு இருக்கும், பார்த்துப் போ என்றேன். தலையைக்கூட நிமிரவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் போயிருக்கிறாள். போர்டுக்கு நேர் எதிரேதான் ஷேர் ஆட்டோ நிற்கிற இடம். மாதவராஜின் தம்பி அங்கேதான் ஆட்டோ ஓட்டுகிறான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். அவள் படிக்கட்டு வரைக்கும் போயிருக்கிறாள், அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பி பஸ் ஏறிவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே இடது கை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. முன்பல் இரண்டு இல்லை. மோட்டார் ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடமும் போலீஸிடமும் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு விஷயம் தெரிந்ததே திங்கட்கிழமைதான். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிர்மலா, நிர்மலா என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். என்னை மன்னிச்சிடும்மா என்றேன். மாதவராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை உரித்து ஊட்டிக்கொண்டிருக்கிறான், நர்ஸ்கள் எல்லோரும் எவ்வளவு நல்ல புருஷன் என்கிறார்கள்.

உன் மோனிஷா மூன்று நாளாக வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளைப் பேசின பேச்சுக்கு, எழுந்து எனக்கு இடம் கொடுத்து, ஆன்ட்டி சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. அவளும் எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டாள். யார் என்று தெரியாத பிள்ளையிடம் நிர்மலா எப்படிப் பேசுவாள்?

நேற்று அவன் டீ குடிக்க வெளியே போன நேரம் மறுபடியும் உள்ளே போனேன். இந்தத் தடவை திரும்பினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஆக்சிலியாக்கா வருவாங்களா, அவங்க வந்தா சொல்றேன் என்றாள்.

அதைக் கேட்டபோது எனக்கு முதலில் என்ன வந்தது என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். நிம்மதி வரவில்லை. பொறாமைதான் வந்தது. அந்தக் கட்டில் பக்கத்தில், நிர்மலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இவளும் உன்னைத்தானா கேட்கிறாள் என்று வந்தது. சீ, நான் எப்படிப்பட்டவளாகிவிட்டேன். நீ திருடினாய் என்று எழுதினேன். இவளுடைய நம்பிக்கையை நீ திருடவில்லை, நானே தூக்கி வெளியே போட்டேன்.

ஆக்சி, வெள்ளிக்கிழமை காலை அவளை டிஸ்சார்ஜ் பண்ணுகிறார்கள். அவன் தம்பி ஆட்டோ கொண்டுவரப் போகிறான். அதற்குள் அவள் வாயால் சொன்னால்தான் போலீஸ் எழுதும், தங்க இடம் கொடுக்க முடியும் என்று மோனிஷா சொல்கிறாள். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனால் அடுத்த தடவை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர மாட்டார்கள். இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இன்றைக்கு ராத்திரியே ரயிலோ பஸ்ஸோ, எது கிடைக்கிறதோ அதில் ஏறு. வேறு யாரையும் அனுப்பாதே, நீயே வா. மாதவராஜை வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்கிறேன், சண்டை போட்டாவது நிறுத்திவைக்கிறேன், அது எனக்கு நன்றாக வரும். நீ உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார். என்னைப் பற்றிக் கேட்டால் திட்டு. அவள் திட்டினாலும் கேட்டுக்கொள். நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

ஆண்டவர் உன் வழியில் ஒரு தடங்கலும் வைக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன்மேல் எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை. போகும்வரை காத்திருக்க அவளுக்கு நாள் இல்லை. வந்துவிடு.

உன்
இசபெல்