கையோடு

நெல்லண்ணே,

இன்று தமிழ் வாத்தியார் என் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் ‘சிலேடை நன்று’ என்று எழுதிக் கொடுத்தார். பையன்கள் கைதட்டினார்கள். நான் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன்.

‘நல்லண்ணே’ என்றுதான் முதலில் உங்களைக் கூப்பிட்டேன். நெல் அரைக்கும் மில்லில் வேலை என்றதும் ஒரு கொம்பு மாட்டி ‘நெல்லண்ணே’ ஆக்கினேன். “கொம்பு எனக்கில்லடா, ஒனக்குத்தான் மொளைச்சிருக்கு” என்று முதுகில் தட்டினீர்கள். தட்டியது வலது கை.

அந்தக் கையை மில் பெல்ட் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே, ஒற்றைக் கை ஆளுக்கு வேலையில்லை என்று முதலாளி அனுப்பிவிட்டார். கடைசி மாதக் கூலியும் இல்லை. வேலையில் ஊனமானவரை நீக்கினால் கூலியோடு நஷ்டஈடும் கேட்கலாம், தானாக விலகினால் கேட்க முடியாது என்று யாரோ சொல்ல, மனு எழுத உங்கள் ஊர் தலத்தெருவிலிருந்து என்னைத் தேடி வந்தீர்கள்.

“நடந்தத அப்படியே எழுதுப்பா” என்றீர்கள். எனக்கு அப்படியே எழுத வருமா? ‘மில்லில் கையை விட்டேன், கையோடு மில்லையும் விட்டேன்’ என்று எழுதி, ராகம் போட்டுப் படித்துக் காட்டினேன். கேட்க நன்றாயிருக்கிறது என்று இடது பெருவிரலை வைத்தீர்கள்.

நம் ஊரை ஆள்வது பிரெஞ்சு சர்க்கார்; ஆபீஸ் குமாஸ்தா அதைப் பிரெஞ்சில் மாற்றி எழுதினார். சிலேடை அங்கே போகவில்லை. தானே கையை உள்ளே விட்டார், உடனே வேலையை விட்டு விலகினார் என்று ஆகிவிட்டது. மனு தள்ளுபடி.

மறுபடி வந்தீர்கள். கோபமே இல்லை. “எழுதுன ஆளு வந்து சொன்னா மாத்திக்கலாமாம். கையோட வர்றியா தம்பி?”

மனுவைக் கெடுத்தது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்கு. பரீட்சை என்றேன். நாளைக்கு என்றேன். மூன்றாம் முறை நீங்கள் வந்தபோது, வீட்டில் இல்லை என்று தங்கையை விட்டுச் சொல்லவைத்தேன். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். “படிக்கிற புள்ள, தொந்தரவு பண்ணவேணாம்” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போயே போய்விட்டீர்கள்.

கிழித்த தாளின் பின்பக்கத்தில் இப்போது எழுதியிருக்கிறேன்: ‘பெல்ட்டில் என் வலது கை போனது. அதனால் முதலாளி என்னை நீக்கினார். நான் விலகவில்லை.’

கீழே உங்கள் பெருவிரலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.