துடைத்து வைத்த தடிப் புத்தகம்

என் ஆசை மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு, நீ எந்த உலகத்தில் இருந்தாலும் அடுப்புப் பக்கமாகத்தான் இருப்பாய் என்ற நம்பிக்கையில் உன் மச்சான் எழுதிக்கொள்வது.

"போனவருக்குக் கடுதாசி எழுதுனா யாருண்ணே கொண்டுபோயிக் குடுப்பா?" என்று உன் பொண்டாட்டி, என் தங்கச்சி பாக்கியம் கேட்கிறாள். நான் எழுதிய கடிதம் தானே எழுந்து நடந்து போகும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. நீ இருந்திருந்தால், "மச்சான் சொன்னா நடக்கும்" என்று ஒரு வார்த்தை போட்டிருப்பாய்.

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. இந்தத் தடவை பெய்த மழையில் நானுஓயா ஸ்டேஷன் மிதந்து போய்விட்டது. ரயில்தான் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தது. சரி, சரி, பிளாட்பாரம் கொஞ்சம் நனைந்தது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்க ஒரு புது மிஷின் வந்திருக்கிறது. அது போடுகிற சத்தத்தில் மலையில் மேய்ந்த மாடெல்லாம் தயிராகவே கறக்கிறதாம். உனக்கு அங்கே நெஞ்சு இளைப்பு இல்லையே? குளிர் எப்படி?

இதை நான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், மாப்ளே. உன் படத்துக்கு முன்னால் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷமாக ஒரு பொய்யைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னவன் நான். தெரியாமல்தான் சொன்னேன். பொய்யை ஊருக்குச் சொல்லிவிட்டு உண்மையைச் சுவருக்குச் சொன்னால் நியாயமா?

பொய் எது என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீ நடுவில் குறுக்கே பேசாதே.

நம்முடைய துரை கல்யாணம் முடித்து இத்தாலிக்காரத் துரைசானியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பங்களாவில் சமைக்கிற கோக்கி நீ. வெள்ளைக்காரச் சமையல் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவித்த இறைச்சி, அவித்த கேரட், அவித்த முட்டைக்கோவா. துரைசானி முதல் வாரம் தட்டைப் பார்த்தாங்க. இரண்டாவது வாரம் தட்டைத் தள்ளினாங்க. மூன்றாவது வாரம் அவங்க நிழல்கூட மெலிந்து, மத்தியான வெயிலில் தரையில் விழாமல் போனதை நானே பார்த்தேன். துரை உன்னைக் கூப்பிட்டு, மாசக் கடைசிக்குள் அம்மா வயிறாரச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் வேறு கோக்கி, நீ மலைக்கு வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டார். இளைப்பு வாங்கும் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, மழையில் நின்று தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதா? நீ ஒரு வருஷம் தாங்கியிருக்க மாட்டாய்.

அப்போதுதான் லிந்துலையில் ஒரு துரை ஊருக்குத் திரும்பப் போகிறார், அவர் பங்களாவில் ஒரு அலமாரி நிறையச் சமையல் புத்தகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். நாம் இருவரும் நடந்தோம். நான் இந்தக் கதையைச் சொல்லும்போது வழியில் ஒரு சிறுத்தை வரும். வருஷம் போகப் போக அது மூன்று சிறுத்தையாகி, கடைசியில் குட்டிகளோடு வந்தது. ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்தில் நின்று, "ஆமா, மச்சான்தான் வெரட்டுனாரு" என்று தலையாட்டுவாய். உண்மையில் நம்மைத் துரத்தியது ஒரு வாத்து. அதையும் விரட்டியது நீ.

அந்தப் பங்களாவின் சமையல்காரர் நல்ல மனுஷன். இத்தாலிச் சமையல் என்று இங்கிலீஷில் எழுதியது இரண்டு புத்தகம் எடுத்துப் போட்டார். "ரெண்டையும் கொண்டுபோங்க. ஆக்கிப் பாத்துட்டு ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணக் கொண்டாந்து குடுங்க" என்றார்.

ஒன்று தடிப் புத்தகம். முதுகில் தங்க எழுத்து. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து ஒடியும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்பு வெட்டாமல், அச்சாபீஸிலிருந்து வந்தபடியே இருந்தது. பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் எழுதியது. மற்றது மெல்லிசு. அட்டை பாதி இல்லை. பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கறை, தக்காளிக் கறை, ஒரு இடத்தில் யாரோ வைத்த ஈரக் கரண்டியின் அச்சு.

நீ மெல்லிசை முகத்துக்கு நேரே பிடித்து மோந்து பார்த்தாய். "மச்சான், இதுல சமையல் மணம் அடிக்குதுங்க."

"அதுக்குப் பேரு அழுக்கு மாப்ளே" என்றேன் நான்.

எட்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, தேயிலைப் பெட்டிகளில் இங்கிலீஷ் முத்திரை அடிப்பவன் என்பதால் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. அதைவிடப் பெரிய தகுதி ஒன்றும் உண்டு: ஸ்டோரில் தேயிலை ருசி பார்க்கும் மேசைக்கு வெந்நீர் ஊற்றுபவன் நான். துரை உறிஞ்சித் துப்பிவிட்டுப் போன பிறகு, யாரும் பார்க்காதபோது நானும் உறிஞ்சித் துப்புவேன். என் நாக்கைக் கண்டு கொழும்பு ஏலக்காரர்கள் நடுங்குவதாக நானே ஒரு செய்தி பரப்பியிருந்தேன்.

ஆகவே புத்தகம் தேர்ந்தெடுப்பதையும் முறைப்படி செய்வோம் என்றேன். ஒரே பதார்த்தம், இரண்டு புத்தகம். தக்காளிக் குழம்பு. என் ஒற்றை அறைக் காம்பராவில்தான் ஆக்கினோம். தடிப் புத்தகத்தில் கத்தியால் ஒரு தாளைக் கீறிப் பிரித்து நான் வாசித்தேன். கன்றுக்குட்டி எலும்பை எட்டு மணி நேரம் காய்ச்சி இறக்கிக்கொள்ளவும் என்று ஆரம்பித்தது. நம்மிடம் கன்றுக்குட்டியும் இல்லை, எட்டு மணி நேரமும் இல்லை. ஒயின் ஊற்றச் சொன்ன இடத்தில் வினாகிரி ஊற்றினோம். மெல்லிசுப் புத்தகமோ, எண்ணெய் கிடைக்காவிட்டால் வெண்ணெய் போதும், தக்காளி புளித்தால் ஒரு சிட்டிகைச் சீனி, அடிப்பிடித்தால் கிளறாதே, மேலாக எடுத்து வேறு சட்டிக்கு மாற்று என்று நம் வீட்டுக்குள் நின்று பார்த்த மாதிரிப் பேசியது. எனக்கு அது பிடிக்கவில்லை. புத்தகம் என்று இருந்துகொண்டு நம்மிடம் எதற்கு இவ்வளவு இறங்கிப் பேச வேண்டும்?

இரண்டு வெள்ளைக் கோப்பையில் ஊற்றினேன். கரண்டியால் அள்ளி, பக்கத்துக் காம்பராக்காரன் எட்டிப் பார்க்கும் சத்தத்தில் உறிஞ்சி, வாயில் உருட்டி, ஒரு தகர டின்னில் துப்பினேன். இரண்டாவதையும் அப்படியே. தடிப் புத்தகத்துக் குழம்பு நாக்கைக் கடித்தது. தேயிலையில் நாக்கைக் கடிப்பதுதானே உசத்தி! மெல்லிசு சாதுவாக வந்து சாதுவாகப் போனது.

"தடிதான்! தீர்ப்பு முடிந்தது!" என்றேன்.

"சரிங்க மச்சான்" என்றாய். அப்போது நான் கவனிக்கவில்லை, மாப்ளே. நீ துப்பவில்லை. இரண்டையும் விழுங்கினாய். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாய். பிறகு மெல்லிசுக் குழம்பில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தாய், பாக்கியமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து சட்டியை வழித்தாள். மிச்சம் வீணாகக் கூடாதே என்று தின்கிறார்கள் பாவம் என்றுதான் நான் நினைத்தேன். "மெல்லிசை நானே கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்துர்றேங்க மச்சான், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்று லிந்துலைக்குத் தனியாக நீ போனாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரைசானி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. உன் வேலை நின்றது. அன்றிலிருந்து இறம்பொடை அருவி எப்படி ஓயாமல் விழுகிறதோ அப்படி நான் ஓயாமல் பேசினேன். "என் நாக்குதான் இவன் குடும்பத்தைக் காப்பாத்துச்சு" என்று கல்யாண வீட்டில் சொன்னேன், கருமாதி வீட்டில் சொன்னேன், தேர்த் திருவிழாவில் தேரை நிறுத்தாத குறையாகச் சொன்னேன். நீ சமைக்கும் பங்களாக் குசினிக்கு நான் வரும்போதெல்லாம் தடிப் புத்தகம் மேல் தட்டில் தங்க எழுத்துத் தெரியப் பளபளவென்று நின்றது. "இன்னைக்கு எந்தப் பக்கம் மாப்ளே?" என்பேன். "நடுப்பக்கம் மச்சான்" என்பாய், வெங்காயத்தை விட்டுத் தலை நிமிராமலே.

இனி நீ அறியாத செய்தி.

நீ போன பிறகு நுவரெலியாவிலிருந்து ஹோட்டல் கோக்கி ஒருவரைக் கொண்டுவருவதாகத் துரை முடிவு செய்தார். பங்களாவுக்குப் பின்னாலுள்ள கோக்கி காம்பராவைப் பாக்கியம் காலி செய்ய வேண்டும். துரைசானிதான் தடுத்து, "ஒரு ஞாயிறு பாக்கியம் ஆக்கட்டும். பிறகு பார்ப்போம்" என்று ஒரு தவணை வாங்கிக் கொடுத்தாங்க. ஒரே ஒரு மத்தியானச் சாப்பாடு. அது சரியில்லையென்றால் உன் தங்கச் சிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன ஞாயிறு காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் நுழைந்தேன். "பயப்படாதடி. அண்ணன் இருக்கேன், புத்தகம் இருக்கு. நான் வாசிக்கிறேன், நீ ஆக்கு."

"சரிண்ணே. நீங்க எடுத்த புத்தகத்தையே வாசிங்க" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஸ்டூல் போட்டு ஏறித் தடிப் புத்தகத்தை இறக்கினேன். அடுப்படியில் இத்தனை வருஷம் இருந்தும் அட்டையில் ஒரு தூசி இல்லை, ஒரு கரி இல்லை. திறந்தேன். திறக்கவில்லை. வேறு இடத்தில் திறந்தேன். தாளோடு தாள் ஒட்டிக் கிடந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அன்று நான் கத்தியால் கீறிய ஒரே ஒரு தாளைத் தவிர, அந்தப் புத்தகம் முழுக்கப் பிறந்தபடியே இருந்தது, மாப்ளே!

பின்னால் ஒரு சத்தம். பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரிக்கிறாள். நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரிக்கிறாள்.

மாவு டின்னுக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். மெல்லிசு.

"திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னானே?"

"அந்தச் சமையக்காரருகிட்ட கேட்டு வாங்கியாந்துட்டாருண்ணே. மொத நாளு நீங்க வாசிச்சது அவருக்கு மனப்பாடம். பொறவு துரைசானியம்மாதான் இங்கனயே நின்னு வாசிச்சுச் சொல்லுவாங்க."

"அப்ப துரைசானிக்கும் தெரியுமா?"

"தோட்டக்காரருக்குத் தெரியும். தண்ணி கொண்டாற ஆளுக்குத் தெரியும். உங்க ஒருத்தருக்குத்தாண்ணே தெரியாது."

"ஏன்டி சொல்லல?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "சொல்லவே கூடாதுன்னாரு. 'எனக்கு வேல போவப் போவுதுன்னதும் கூட நடந்து வந்த ஒரே ஆளு மச்சான்தான். அந்த மனுசன் வாயில இருக்க கதய நாம புடுங்கப்படாது'ன்னாரு. நீங்க வர்ற நாளெல்லாம் காலையிலயே அந்தப் பெரிய புத்தகத்தத் தொடச்சு வெளிய தெரியற மாதிரி வைப்பாரு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சாதாரணமாக இந்த இடத்தில் நான் ஏதாவது பெரிதாகச் சொல்வேன். அன்று மெல்லிசை மடியில் வைத்துத் திறந்தேன்.

ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து. "பூண்டு பாதி போதும்." "ஒலிவ் எண்ணெய் மருந்துக்கடையில் காதுக்கு விடுகிற குப்பிதான் உண்டு, வெண்ணெயே நல்லது." "துளசி போட்டேன். சாமியும் கோபிக்கவில்லை, துரைசானியும் கோபிக்கவில்லை." முட்டையும் மாவும் பிசைந்து நறுக்குகிற பக்கத்தில், "மச்சானுக்குப் பிடிக்கும், தேங்காய்ச் சம்பல் என்று நினைத்துத் துருவின சீஸைக் கேட்டு வாங்குவார்." இதைக்கூடவா எழுதி வைப்பாய்?

நான் வாசித்தேன், அவள் ஆக்கினாள். இங்கிலீஷை வாசித்தது குறைவு, உன்னை வாசித்ததுதான் அதிகம். இறக்கும்போது கரண்டியை நீட்டினாள். பழக்கத்தில் உறிஞ்சினேன். துப்பப் போனேன். "அண்ணே!" என்றாள். விழுங்கினேன். சாதுவாக வந்தது, சாதுவாக உள்ளே இறங்கிற்று, அங்கேயே இருந்தது. மாலை வரை இருந்தது. இதைத்தான் அன்று நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாயா?

சாப்பாட்டு அறைக்குப் போன தட்டுகள் திரும்பி வரவே ஒரு யுகம் ஆனது. வந்தபோது பாண் ரொட்டியால் துடைத்த மாதிரி இருந்தன. பின்னாலேயே துரைசானி வந்து வாசலில் நின்றாங்க. என் கையிலிருந்த மெல்லிசைப் பார்த்தாங்க, என் முகத்தைப் பார்த்தாங்க, எல்லாம் புரிந்த மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு அவளைப் பார்த்து, "பாக்கியம், நாளைக்கு என்ன சமையல்?" என்றாங்க.

அவ்வளவுதான். உன் காம்பராவில் உன் பொண்டாட்டி இருக்கிறாள்.

இப்போது ஊரறியச் சொல்லிவிட்டேன்: புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நீ. என் நாக்கு வெந்நீர் ஊற்றத்தான் லாயக்கு. சிறுத்தைகளை மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன், நீயே சாட்சி சொன்னதாயிற்றே.

ஒரு வாக்கும் தருகிறேன், மாப்ளே. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் குசினிக்குப் போய் அவளுக்கு மெல்லிசை வாசிப்பேன். ருசி பார்க்கச் சொன்னால் விழுங்குவேன். அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டில் நிற்கும் தடியனைத் தங்க எழுத்துத் தெரியத் துடைத்து வைப்பேன். அதை இனி யாரும் திறக்கப் போவதில்லை. நீ பதினோரு வருஷம் செய்த வேலை, பாதியில் நிற்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் பாக்கியத்தின் அண்ணன்,
உன்னைவிட ஒரு வாத்து அளவு தைரியம் குறைந்த உன் மச்சான்.