உயிரிப் பாதுகாப்பு வகுப்பும் ஊறப்போட்ட செருப்புகளும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான், இரண்டாயிரத்து நூறு கோழிகள் எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று உன் கையால் நாலு வரி எழுதிப் போட்டால்தான் அம்மா நம்புவாள், போனில் கேட்ட குரலை வைத்தே நீ இளைத்துவிட்டாய் என்று முடிவு கட்டிவிட்டாள். இந்தக் கடிதம் அம்மாவுடையது. அவள் சொல்ல நான் எழுதுவதாகத்தான் ஏற்பாடு, ஆனால் இரண்டு வரி சொல்வதற்குள் கோழிகளுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க எழுந்து போய்விடுகிறாள், திரும்பி வந்து “எதுவரைக்கும் எழுதின?” என்கிறாள். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன், அவள் சொன்னதைக் கடைசியில் சேர்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் பெரியம்மாவின் பண்ணையில் நாலே நாளில் எல்லாக் கோழிகளும் செத்துப்போனது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. கால்நடை டாக்டரம்மா நடத்திய பயிற்சிக்குப் போய்வந்து, நோய் நம் செருப்பில் ஏறிக்கொண்டுதான் கொட்டகைக்குள் வருகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கொட்டகை வாசலில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு செருப்பு, அந்தப் பக்கம் வேறு செருப்பு, அப்பா தினமும் இரண்டு முறை மறந்து இரண்டு முறை திட்டு வாங்குகிறார். இதை மற்ற பண்ணைக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுக்க அம்மாவையே பயிற்றுநராகப் போடுவதாக டாக்டரம்மா சொன்னார், ஆனால் பதினைந்து பேராவது வந்து கடைசிவரை உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. முதல் வகுப்புக்கு நாலு பேர் வந்தார்கள். அடுத்ததற்கு இரண்டு பேர், அதில் ஒருவர் அப்பா. மூன்றாவதும் இப்படிப் போனால் வகுப்பை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மூன்றாவது வகுப்புக்குப் பலகை எழுதும் வேலை எனக்கு வந்தது. டாக்டரம்மா தந்த சீட்டில் ‘உயிரிப் பாதுகாப்புப் பயிற்சி, அனைவரும் வருக’ என்று இருந்தது. பாவம், டாக்டருக்குப் படித்தவர், எழுத்துப்பிழை வந்துவிட்டது என்று நினைத்து நான் ‘ரி’யை ‘ர்’ ஆக்கி, ‘உயிர்ப் பாதுகாப்பு’ என்று பெரிதாக எழுதி முட்டைக்கடை வாசலில் சாய்த்து வைத்தேன். தமிழில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் இல்லையா!

ஞாயிற்றுக்கிழமை காலை நம் பண்ணை கேட்டுக்கு முன்னால் முப்பத்தொரு பேர். ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டை நகல், போட்டோ. “வாரிசுன்னு யார் பேரைப் போடணும்?” என்று ஒருவர் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர்கள் வந்திருப்பது ஆயுள் காப்பீட்டுக்கு! வாத்து வளர்க்கும் அக்கா ஒருத்தி, “எனக்குச் சின்னதா போட்டாப் போதும், என் மாமியாருக்குப் பெரிசாப் போடுங்க” என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஆனால் அவர்களிடம், “முதல்ல எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க, கேட்டுக்குள்ள வந்தா இதுதான் சட்டம்” என்று மட்டும் சொன்னாள். அப்பா எல்லாச் செருப்பையும் அள்ளிக்கொண்டு போய் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். வந்தவர்கள் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு சரசரவென்று நடந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா, இது காப்பீடு இல்லை, கோழிக்கு நோய் வராமல் பார்க்கும் வகுப்பு என்று உண்மையைச் சொன்னாள். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எல்லாரையும்விடச் சத்தம் போட்டவர், பண்ணை பண்ணையாகப் போய் முட்டை எடுக்கும் நம் முட்டைவண்டி மாமா. “ஏம்மா, இது அநியாயம், என் செருப்பு எங்க?” என்றார். “ஊறிக்கிட்டிருக்கு. தேய்ச்சுக் காயவைக்க முக்கால் மணி நேரம் ஆகும், நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும், உட்காருங்க” என்றாள் அம்மா.

வேறு வழி இல்லாமல் உட்கார்ந்தார்கள். அம்மா எழுதி வைத்திருந்த நோட்டை மடியில் மூடிவிட்டு, “மாமாவே சொல்லட்டும், நேத்து காலையில இருந்து எங்கெங்க போனீங்க?” என்று கேட்டாள். அவர் பெருமையாக விரல் மடக்கி ஆறு பண்ணைகளைச் சொன்னார். “உள்ள போனீங்களா?” “உள்ள போகாம? நானேதான் முட்டையை அடுக்குவேன், யாருக்கும் சிரமம் வைக்க மாட்டேன்.” “முட்டை அடுக்குற அட்டை?” “அதே அட்டைங்கதான், ஒரு பண்ணையில எடுத்ததை அடுத்த பண்ணையில குடுப்பேன், வீணாக்க மாட்டேன்.” வாத்து அக்காவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. “மாமா, என் ஷெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க போனீங்க?” என்றாள். அவர் ஒரு பண்ணையின் பெயரைச் சொன்னார். அந்தப் பண்ணைக்காரர் பின்வரிசையில் இருந்தார், அவர் மெதுவாக, “எங்க கோழிங்க ரெண்டு நாளா தீனி எடுக்கலை” என்றார். வகுப்பைப் பார்க்க வந்திருந்த டாக்டரம்மா உடனே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து விவரம் எழுதிக்கொண்டார், வகுப்பு முடிந்ததும் கோழிகளைப் பார்க்க நானே வருகிறேன் என்றார். அப்புறம் பார், கேள்விமேல் கேள்வி. அட்டையை எதில் கழுவுவது, தொட்டித் தண்ணீரை எப்போது மாற்றுவது, உறவுக்காரர் கொட்டகையைப் பார்க்க வந்தால் மரியாதை கெடாமல் எப்படி வாசலிலேயே நிறுத்துவது. முட்டைவண்டி மாமா, “இனிமே நான் கேட்டிலேயே நிக்கிறேன், அட்டையை நீங்களே அடுக்கிக் குடுங்க, ஆனா என்னைச் சோம்பேறின்னு சொல்லக் கூடாது” என்றதும்தான் எல்லாரும் மறுபடி சிரித்தார்கள்.

நடுவில் அப்பா முப்பத்தொரு ஜோடியையும் வரிசையாகக் கொண்டுவந்து வைத்து, “செருப்பு காஞ்சிருச்சுங்க” என்றார். யாரும் எழவில்லை. முட்டைவண்டி மாமா திரும்பாமலே, “இன்னும் கொஞ்சம் காயட்டும்” என்றார்! டாக்டரம்மா தலைகளை எண்ணி, அம்மாவின் பெயரைப் பயிற்றுநர் பட்டியலில் அங்கேயே எழுதினார். கண்ணுக்குத் தெரியாத கிருமியும் ஓர் உயிரிதான் என்று எனக்குத் தனியாக ஒரு வகுப்பு நடந்தது, அதை விரிவாக எழுத வேண்டாம். தீனி எடுக்காத அந்தக் கோழிகளுக்கு வந்தது பெரிய நோய் இல்லையாம், தேறிவிட்டன.

இப்போது அம்மா பக்கத்தில் நிற்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, வெளியிலிருந்து வந்தால் கையை முழங்கைவரை கழுவு, உடம்பும் மனசும் நன்றாக இருந்து பல காலம் வாழ வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள். லீவு கிடைத்த தேதியை மறக்காமல் எழுது. வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகுதான் கட்டிப்பிடிப்பாளாம், பயிற்றுநர் வீட்டிலேயே சட்டம் தவறக் கூடாதாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொள்ள உன் கால் அளவில் நேற்றே ஒரு ஜோடி வாங்கி, கொட்டகைச் சுவரில் முதல் ஆணியில் மாட்டிவைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
(எழுதியது தங்கை. பிழை இருந்தால் திருத்தாதே, முதலில் விசாரி.)