வேலிக்குள் வைத்த பொங்கல்

அக்கா,

இன்று காலை அடுப்பில் வெல்லப்பாகு தீய்ந்துவிட்டது. அந்த வாசத்தில் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், பெம்பான் பக்கத்தில் நம் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம், ஒரு பிடி அரிசியைக்கூட வேலிவாசல் தாண்ட விடமாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கோ முனியாண்டி வேண்டுதல். சாமி இருந்தது வெளிக்காட்டில், பால் மரங்களுக்கு நடுவே. சாமி அரிசியை யார் தடுக்கப் போகிறார்கள் என்று நம்பி, பச்சரிசியும் வெல்லமும் மடியில் கட்டிக்கொண்டு போனார் அண்ணன். வாசலிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை, தடுப்புக்காவல்தான். அந்த வருடம் நம் லயத்தில் எத்தனை வீடு ஆண் துணை இல்லாமல் நின்றது!

நம் ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? குழாயடிக்கு நீங்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும். "நெருப்பில்லாம புகையுமா?" என்றாள் கங்காணி பெண்சாதி. நீங்கள் வாளியைக் கீழே வைத்தீர்கள். "பொகையத்தான் எல்லாரும் பாக்குறீங்க. நெருப்பு எங்க லா, காட்டுங்க" என்றீர்கள்.

அடுத்த வருடப் பூசைக்குப் போலீஸ் காவலோடு போய்வர கங்காணி அனுமதி வாங்கினார். எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் போவதுதான் வழக்கம். உங்கள் வீடு மாதிரி காவலில் ஆள் இருந்த வீட்டு அரிசியை மட்டும் ஒதுக்கினார். "கம்பிக்குள்ள இருக்கிறவன் வீட்டு அரிசி. போலீஸ் என்ன நெனப்பான்?"

நீங்கள் அழவில்லை. வேலிவாசலுக்கு நேரே கல்லைக் கூட்டிப் பானையை ஏற்றினீர்கள். "அரிசிதானே வெளிய போகக்கூடாது? சாமி உள்ள வரட்டும்."

நான் ஓடிவந்து அடுப்பு ஊதினேன். போலீஸ்காரன் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டே நின்றான், கங்காணி கத்தினார், பொங்கல் அடிப்பிடித்தது. புருஷனைக் காவலுக்குப் பறிகொடுத்த மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக இலையோடு வந்து உட்கார்ந்தார்கள். அப்படி ருசியான பொங்கலை நான் பிறகு சாப்பிடவே இல்லை.

அண்ணன் திரும்பி வந்தபோது நெஞ்சு கெட்டிருந்தது. என்ன குற்றம் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வேலை இல்லை என்று மட்டும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார்.

இப்போது எதிர்வீட்டுக்காரியின் மகன் சிறையில் இருக்கிறான். இன்று என் பேத்திக்கு வளைகாப்பு. அந்தத் தாயைக் கூப்பிட வேண்டாமென்று என் பிள்ளைகளே சொல்கிறார்கள். முதல் வளையலை அவள்தான் போடுவாள் என்று சொல்லிவிட்டேன் அக்கா. பிடிக்காதவர்கள் சாப்பிடாமல் போகட்டும்.