படுத்த ஸ்டாப்பு

மார்ச் 4, புதன்

இன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: ஊர் வரலாறு எழுதும் டீச்சர், மில்லுக்காரர் மகன், தபால்காரர், என் மூத்த மகள், என் வீட்டுக்காரர், நான். வேறு யாரும் இல்லை. 'நானும் அங்கே இருந்தேன்' என்று பின்னால் வேறு யாராவது சொன்னால் அது பொய்.

டீச்சர் தான் எழுதிய ஊர் வரலாற்றை வாசித்தார். அந்தக் காலத்து பஸ் இங்கே அடிக்கடி ரிப்பேராகிப் படுத்துவிடுமாம். அதனால்தான் 'படுத்த ஸ்டாப்பு' என்று பெயராம். மில்லுக்காரர் மனுக் கொடுத்து அதையே நிறுத்தமாக்கினாராம். ஊருக்கு உழைத்தவர்களில் அவர்தான் முதல்!

"படுத்தது பஸ் இல்ல டீச்சர், பொம்பள!" என்றேன்.

"பெரியம்மா, எங்கப்பா மேல இருக்கிற கோபம் இன்னும் தீரலையா?" என்று சிரித்தார் மில்லுக்காரர் மகன்.

"தீர்ந்துபோறதுக்கு அது என்ன மண்ணெண்ணெயா தம்பி?"

டீச்சர் நல்ல பெண்தான். "இன்னொருத்தரும் பாத்தேன்னு சொல்லட்டும் பாட்டி, மாத்திடறேன். பதினஞ்சாம் தேதி அச்சுக்குப் போகுது."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "எனக்கு ஞாபகமில்ல" என்றார்.

மார்ச் 5

எழுதி வைக்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு நாள் வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஊரில் ஒரே கார், மில்லுக்காரருடையது. சீட்டு கறையாகும் என்றார். பஸ்ஸோ இங்கே நிற்காது. கத்திரி அக்கா, ஊரில் பாதிப்பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள், என்னைக் கட்டிலோடு ரோட்டோரம் தூக்கிவரச் சொன்னாள். தான் போய் நடுரோட்டில் நீட்டிப் படுத்தாள். டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"ஏத்தறதுன்னா என்மேல ஏத்து. இல்லன்னா இவள பஸ்ல ஏத்து!"

மூத்தவள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அன்றிலிருந்து பஸ் நிற்கிறது. அக்கா செத்தபோது ஊர் நாலு வார்த்தை பேசவில்லை. இப்போது புத்தகத்திலும் இல்லையென்றால் அவள் இருந்ததே இல்லை என்றாகிவிடாதா?

மார்ச் 8

ஞாபகமில்லையாமே! போன மாசம் நான் உப்புப் போட மறந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

தபால்காரர் வாழ்க. அந்த பஸ்ஸின் கண்டக்டரைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். டீச்சரும் நானும் வீட்டுக்காரரும் போனோம்.

"மறப்பேனா? டிரைவர் போட்ட பிரேக்குல என் டிக்கெட்டெல்லாம் பறந்துடுச்சு. மறுநாள்லேர்ந்து அந்த எடம் வந்தாலே 'படுத்த ஸ்டாப்பு, எறங்கு'ன்னு கத்துவேன். பேரு வெச்சதே நான்தாம்மா!"

டீச்சர் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் கண்டக்டர் கேட்டார்: "ஒரு ஆளு ஓரமா நின்னு, 'எழுந்திரு, ஊரே பாக்குது, மானம் போகுது'ன்னு அந்தம்மாவத் திட்டிட்டே இருந்தானே, யாரு அவன்?"

டீச்சர் மறுபடி பேனாவைத் திறந்தார். வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல யாரோ" என்றேன்.

மார்ச் 14

மில்லுக்காரர் மகன் வந்தார். அப்பா பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். காப்பி கொடுத்தேன். அரை டம்ளர்.

ஏப்ரல் 19, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. ஊருக்கு உழைத்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் கத்திரி அக்கா. மகள் ஒருமுறை வாசித்தாள். நானே வரிவரியாக இன்னொருமுறை வாசித்தேன். டீச்சர்மேல் இனி எனக்கு வருத்தமில்லை. மில்லுக்காரரையும் விட்டுவிட்டேன், போகட்டும்.

வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கு நானும் அவகூடப் படுத்திருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றேன்.

நான் மன்னிக்காத ஆள் இனி ஒருவர்தான். என் வீட்டுக்காரர்.