லாக் இல்லாத போன்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மகள் ஒரு பெட்டியைக் கையில் திணித்தாள். "அப்பா உனக்குக் கொடுக்கச் சொன்னார். அவர் ஊரைத் தாண்டுற வரைக்கும் கொடுக்காதேன்னும் சொன்னார்." திறந்தால் புதுப் போன். மனுஷன் லாரியை எடுத்துக்கொண்டு முந்தாநாளே கிளம்பிவிட்டார். நேரில் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும் என்று தெரியாதா அவருக்கு?

பழையது இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது. என்ன, அது ஒரே கம்பெனி சிம்மைத்தான் ஏற்கும், அந்தக் கம்பெனிக்கு எங்கள் தையல் கூடத்தில் சிக்னலே கிடையாது. மதியம் அவர் கூப்பிட்டால் கைகழுவும் இடத்து ஜன்னலில் தொங்கிக்கொண்டு பேசுவேன். எனக்கு அது பழகிவிட்டது. அவர் வைத்திருப்பதோ பொத்தான் போன். தனக்கு ஒன்று வாங்கிக்கொள்ளத் தோன்றியதா பாருங்கள்.

மதியம் கூப்பிட்டார். பழைய சிம்மைப் புதுப் போனில் மாற்றியிருந்தேன், எடுத்ததும் ஒரு பெண் குரல் என்னமோ சொன்னது. எனக்கு வந்ததே கோபம்.

"என்னங்க!"

"சொல்லு."

"யாரு அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை? உன் பக்கம்னுல்ல நெனச்சேன்."

"உங்களுக்கு மூளை இருக்கா? யாரைக் கேட்டு போன் வாங்கினீங்க?"

இடி விழுந்தாலும் அவருக்கு ஒன்றுதான். நான் 'என்னங்க' என்றால் 'சொல்லு' என்பார், பிறகு நான் கொட்டுவதையெல்லாம் கேட்டுக்கொள்வார்.

சாயங்காலம் மகள் போனைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பேசுவதையெல்லாம் தானாகப் பதிவு செய்கிற எதையோ நானே அமுக்கித் தொலைத்திருக்கிறேன். பதிவாகிறது என்று சொன்ன குரலாம் அது. அணைத்துக் கொடுத்தாள். நானும் சிரித்தேன், தொண்டை கரகரவென்று நின்றது.

பிப்ரவரி 12

நியாயமாகச் சொன்னால் போன் மோசமில்லை. எந்தக் கம்பெனி சிம்மானாலும் எடுக்கிறது, அதுவும் இரண்டு. அதைத்தான் லாக் இல்லாத போன் என்கிறார்கள். புதுச் சிம் போட்டதில் கூடத்துக்குள்ளேயே சிக்னல் வருகிறது. ஒரு முறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்குகிறது.

வேகம் மட்டும் ஆமை. போட்டோ எடுக்கப் போனால் அது யோசித்து முடிப்பதற்குள் சிரித்தவர்கள் வாயை மூடிவிடுகிறார்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லோருக்கும் காய்ச்சல் வந்த முகம். விரலை வைத்தால் பாதி நேரம் திறப்பதில்லை. துணியைத் தடவித் தடவி, நூல் பிசிறு கிள்ளிக் கிள்ளி, செக்கிங் மேசையிலேயே என் ரேகை தேய்ந்துவிட்டது போல.

கூப்பிடுகிறவர் பேரைச் சத்தமாகச் சொல்கிறது, அதுதான் வினை. அவர் நம்பரை 'அவர்' என்றுதான் போட்டு வைத்திருக்கிறேன். வேறு எப்படிப் போடுவது? இன்று கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அவர் அழைக்கிறார்" என்றது. மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "எவர்க்கா?" என்றாள் ஊசி. ஓவர்லாக் மெஷினில் இருப்பவள், ஆள் ஒல்லி, அதனால் ஊசி. மானம் போயிற்று.

தொண்டைக்கட்டு விடவில்லை. அத்தனை மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துகிறவளுக்கு எப்போது விட்டிருக்கிறது.

பிப்ரவரி 20

விழுங்கும்போது காது வரை வலி. மகள் டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிக்கிறாள்.

மார்ச் 3

புற்று. குரல்வளையில்.

டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. முழுவதையும் எடுத்தால் உயிருக்கு நல்லது என்றார். கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு. "பேச்சு?" என்று கேட்டேன். கேட்கிறபோதே அந்தக் கரகரப்பு எனக்கே அந்நியமாக இருந்தது. "இப்போ பேசுற மாதிரி இருக்காதும்மா," என்றார். ஆறின பிறகு கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். மகள்தான் கேட்டுக்கொண்டாள். எனக்கு எதுவும் ஏறவில்லை.

வாயாடி, வாயாடி என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். கண் பட்டதா? என்ன பைத்தியக்காரத்தனம் இது.

மார்ச் 4

அவரிடம் போனில் சொன்னேன். "வரேன்," என்றார்.

மார்ச் 10

வந்துவிட்டார். முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஆபரேஷன் மாதிரி இருக்கிறது.

எனக்கு உயிர் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று அரிக்கிறது. மாதத்தில் பாதி நாள் இவர் ரோட்டில். எங்கள் குடித்தனமே போனில்தான் ஓடுகிறது. மெசேஜ் அனுப்பலாமென்றால் இவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்தப் பொத்தான் போனில் படம் பார்த்துப் பேசவும் வழியில்லை. குரல் போனால் இவருக்கு நான் யார்? வாரத்துக்கு ஒரு தரம் வீட்டில் பார்க்கிற ஒரு பொம்பளையா?

மகளிடம் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டாள். "இருக்கிற குரலை இந்தப் போன்ல பேசி வெச்சிடும்மா. வேணுங்கிறப்போ எடுத்துப் போடலாம்."

மார்ச் 14

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் மகள், இந்தப் போனின் மைக் கொசு பறந்தாலும் விடாதாம். அவர் போனை இரண்டு கையாலும் என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் சுட்டது, ஆனாலும் கையை மாற்றவில்லை.

என்ன பேசுவது? தோன்றியதெல்லாம் பேசினேன். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். வலிக்கலை. பார்த்து ஓட்டுங்க. கவலைப்படாதீங்க. எப்ப வருவீங்க. கதவைச் சாத்து. குழாயை மூடு.

"அம்மா, நீ செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறே. எப்பவும் கத்துவியே, அப்படிப் பேசு."

கத்த வரவில்லை. வந்தது காற்றுதான். அவர் எழுந்து வெளியே போய் லாரி டயரைப் பார்க்கிற மாதிரி நின்றார். டயருக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 18

நாளை காலை. வார்டில் இருக்கிறேன். அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 3

வீட்டுக்கு வந்தாயிற்று. எழுத ஆரம்பித்தால் அழுகை வருகிறது. சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. மூச்சு கழுத்தில் இரைகிறது.

என் வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு என்ன தெரியுமா? ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸிடம், "செருப்பை எங்கம்மா விடுறது?" உருப்படியாக ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா நான்.

ஊசி பார்க்க வந்தாள். நான் செவிடாகிவிட்ட மாதிரி என் காதுக்குள் கத்தினாள். கூடத்தில் என் மேசை அப்படியே இருக்கிறதாம். செக்கிங்குக்குக் கண்ணும் கையும் போதுமாம். கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 6, திங்கள்

அவர் மறுபடி வண்டி எடுத்திருக்கிறார். எடுக்காமல் முடியாது.

மகள் ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறாள். நான் தட்டெழுத்தில் போட்டால் புதுப் போன் அதைப் படித்துச் சொல்லும். ஆனால் பேசிக்கொண்டிருக்கும் அழைப்புக்குள் அந்தக் குரலை அனுப்பமாட்டேன் என்கிறது இந்த மகராசி. அதனால் பழைய போனில் பழைய சிம்மைப் போட்டு அதில் பேசுவது, புதியதை அதன் வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வது. தூக்கிப் போட வைத்திருந்த பழையதுக்கு வந்த வாழ்வு.

மதியம் கூப்பிட்டார். 'என்னங்க' என்று தட்டினேன். போன் யோசித்தது, யோசித்தது, கடைசியில் வெளியூர்ப் பெண் மாதிரி, நிறுத்தி நிதானமாக, "என்னங்க" என்றது.

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆங்... சொல்லுங்கம்மா."

எனக்குக் கை நின்றுவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ஒரு நாள்கூட 'ங்க' போட்டுப் பேசாதவர். 'நான்தான்' என்று தட்டினேன். "நான்தான்," என்றது அவள் குரல். "தெரியுதுங்க," என்றார். சாப்பிட்டீங்களா என்றேன். "ஆச்சுங்க. நீங்க?" என்றார். பேங்க்கிலிருந்து கூப்பிடுகிறவளிடம் பேசுகிற மாதிரியே.

வைத்த பிறகு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஏப்ரல் 13

இன்றும் 'சரிங்கம்மா'. வேண்டுமென்றா செய்கிறார்? பாவம், அவர் வாய் அதுவாகச் சொல்கிறது. அந்தப் பெண்ணிடம் 'நீ' சொல்ல அவருக்கு வரவில்லை. சொல்லிவிட்டு, "ச்சே," என்கிறார்.

நான் பேசி வைத்தவற்றையாவது போடலாம் என்று 'நல்லா இருக்கேன்' போட்டேன். அது என் குரல்தான். "நெசமாவா?" என்றார். அதற்கு என்ன போடுவது? 'வலிக்கலை' போட்டேன். வலித்துக்கொண்டிருந்தது. நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்தேனே, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேனா? இருக்கிற குரல் பொய் சொல்கிறது. உண்மையைச் சொல்கிற குரல் என்னுடையது இல்லை.

ஏப்ரல் 17

இரண்டு நாளாக என்னைக் கூப்பிடவில்லை. மகளுக்குத்தான் கூப்பிடுகிறார். "அம்மா எப்படி இருக்கா? கொழம்பு எறங்குதா? சரி, கேட்டேன்னு சொல்லு."

'கேட்டேன்னு சொல்லு'. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 18

வெறுப்பாக இருக்கிறது. அவர் மேல் இல்லை. பின்னே யார் மேல்?

ஏப்ரல் 21

அத்தனை பேசி வைத்ததில் 'என்னங்க' மட்டும் இல்லை. இன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்து இருக்கிறது, குழாயை மூடு இருக்கிறது. அன்றைக்கு அவர்தானே எதிரில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் இருக்கிறவரை யார் கூப்பிடுவார்கள்? பேரைச் சொல்லியாவது வைத்திருக்கலாம். பேரைத்தான் வாழ்நாளில் சொன்னதில்லையே. எனக்கு இருந்ததே அந்த ஒரு வார்த்தை. அதைப் போய் மறந்தேன் பார்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலையிலிருந்து போன் முரண்டு பிடித்தது. இடமில்லை, எதையாவது அழி என்று நொடிக்கு நொடி தொல்லை. மலிவுப் போன் என்றால் வயிறும் சின்னதுதான். ஊசி அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கங்களை எல்லாம் அழித்துக்கொண்டே போனேன். கடைசியில் 'அழைப்புப் பதிவு' என்று ஒன்றே ஒன்று. பிப்ரவரி 9.

விரல் அழிக்கிற இடத்தில்தான் இருந்தது. என்னவென்று பார்ப்போமே என்று தொட்டேன்.

முதலில் அந்தப் பெண் குரல். பிறகு, வீடே அதிர, "என்னங்க!"

சமையலறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். கரண்டியோடு. நான் பேசிவிட்டேன் என்று நினைத்தாளாம். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை, என்னைப் பார்த்து அவளுக்கு. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டோம். செய்தி வாசிப்பு இல்லை, காற்று இல்லை. கரகரப்புதான், ஆனாலும் நான். கோபமாக இருக்கிறேன். எவ்வளவு நன்றாக இருக்கிறது!

முதல் வார்த்தையை மட்டும் தனியாக வெட்டி, போன் திறந்ததும் கைக்குக் கிடைக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தாள். "திட்டுறதை அழிச்சிடவா?" என்றாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். 'உங்களுக்கு மூளை இருக்கா' தேவைப்படும்.

ஏப்ரல் 25

அவர் கூப்பிடவில்லை. நாமே கூப்பிடலாம் என்றாள் மகள். வேண்டாம் என்றேன். ஓட்டிக்கொண்டிருந்தால்? திடுக்கென்று அந்தக் குரலைக் கேட்டு ஸ்டியரிங்கை விட்டுவிட்டால்? காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் என்ன.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் மகளுக்குத்தான் கூப்பிட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டாராம். "அம்மா நம்பருக்குப் போடுங்கப்பா," என்று அவள் வைத்துவிட்டாள்.

வரமாட்டார் என்றே நினைத்தேன். பிறகு பழைய போன் அடித்தது. அது பேர் சொல்லாது, வெறுமனே அடிக்கும். எடுத்தேன். லாரி உறுமுவது மட்டும் கேட்டது. புதுப் போன் என் விரலை இரண்டு தரம் ஏற்கவில்லை. மூன்றாவதில் திறந்தது. பழையதின் வாய்க்கு நேரே பிடித்து அமுக்கினேன்.

"என்னங்க!"

எஞ்சின் நின்றது. எங்கோ ஹாரன் சத்தம், அவர் மூச்சு.

"சொல்லு," என்றார்.

சொல்லத்தானே காத்திருந்தேன். ஆனால் தட்டக் கை ஓடவில்லை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தப்புத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். அவர் வைக்கவில்லை. "மெதுவா சொல்லு, நான் இருக்கேன்," என்று ஒரு தரம் சொன்னார். கடைசியில் போன் படித்தது, நிறுத்தி நிதானமாக, ஒரு கமா பிசகாமல்: "நான் நல்லா இல்லைங்க. கழுத்து வலிக்குது. ரொம்ப பயமா இருக்கு. நீங்க கூப்பிடாம இருக்காதீங்க."

அந்தப் பெண்ணுக்கு அழத் தெரியாது. செய்தி மாதிரிதான் சொன்னாள்.

"அழாதடி," என்றார் அவர்.