முதல் தடவை நான் விழவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் இடது மணிக்கட்டையும், உட்காருவதற்கென்று கடவுள் கொடுத்த இடத்தையும் தவிர மற்ற எல்லோரும் சுகம். தலையணை மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் அண்ணன் அனுப்பிய போட்டோவைப் பார்த்து முதலில் அழுதாயாம், பிறகு சிரித்தாயாம், உன் அம்மா சொன்னாள். தெருவில் மல்லாந்து கிடப்பது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டாவது தடவை. முதல் தடவை நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தினம் ஒரு போட்டோ அனுப்பும்மா, வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும் என்று நீ உன் அம்மாவிடம் கேட்டாலும் கேட்டாய், ஆறு மாதமாக இந்த வீட்டில் எதற்கும் மறைவில்லை. கசியும் குழாய், காயப்போட்ட துணி, வாயைத் திறந்து நான் தூங்குவது, எல்லாம் படம். பாதி முகம் சவரத்தோடு நிற்கிறேன், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் நல்லா இருக்கு என்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்யும்போது உன் ஸ்கேட்போர்டு கிடைத்தது. சக்கரங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விட்டேன், அது என் தப்பு. வாசல் கேட்டுக்கு வெளியே வைத்து, இதுமேல ஏறி நில்லுங்க, பிள்ளை பார்த்தா சந்தோஷப்படுவா என்றாள். ஒரு காலை வைத்தேன். இன்னொரு காலும் வெச்சாத்தானே படம் நல்லா இருக்கும் என்றாள். வைத்தேன். நம் தெரு எப்படிச் சரிவு என்று உனக்கே தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன், பிரேக் இல்லாத வண்டியில் ஏறியது அன்றுதான். கால் பிரேக்கைத் தேடுகிறது, பலகையோ கிளம்பிவிட்டது. நீ செய்வது போல முட்டியை மடக்கிக் கையை விரித்தேன், அவ்வளவுதான் தெரியும். விளக்குக் கம்பத்தில் வளைந்து, பல் டாக்டர் வீட்டு வேலி ஓரமாக மெதுவாகி, ஸ்டாப்பில் இறங்குவது போல இறங்கினேன். நாற்பத்திரண்டு அடி தூரம், பிறகு நாடா பிடித்து அளந்தேன்.

மூச்சு வாங்க மேலே வந்து போட்டோவைக் கேட்டால் அதில் வெறும் கேட்டும் என் ஒற்றைச் செருப்பும். நிக்கச் சொன்னா நிக்கணும், ஓடினா நான் என்ன பண்றது என்கிறாள். அப்பா, கதை விடாதீங்க, முடிஞ்சா திரும்பச் செஞ்சு காட்டுங்க என்றான் உன் அண்ணன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது தடவை பாதித் தெரு வேடிக்கை பார்த்தது, நானும் பெரிய மனுஷன் மாதிரி கையை ஆட்டிக்கொண்டே போனேன், கையை ஆட்டியதுதான் வினை. ஓடி வந்த பல் டாக்டர் பழக்கதோஷத்தில் முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். எலும்பு முறியவில்லை, பத்து நாள் கட்டு. சம்பந்தி வீட்டுக்கு மட்டும் அந்தப் படத்தைக் காட்டிவிடாதே.

வலியை விட, யாரும் நம்பவில்லையே என்பதுதான் குடைந்தது. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. பதினொரு வயதில் ஒரு சாயங்காலம் வியர்த்து ஓடி வந்து, அப்பா, முழுச் சரிவும் விழாம வந்துட்டேன் என்றாய். டியூட்டி முடிந்த களைப்பில் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல், போய்க் கைகால் கழுவு என்றேன். நீ உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு சரிவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கும் போட்டோ கிடையாது, சாட்சி கிடையாது. நான் நம்புகிறேன் அம்மா. அன்றைக்கு எங்கே வளைந்தாய், எப்படி நின்றாய், வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் முதலிலிருந்து சொல்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாய் நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காதே, காலை ஒன்பதுக்கே கூப்பிடு, பதினொன்றுக்கு எனக்குக் கட்டு மாற்றப் போக வேண்டும். அவசரமில்லாமல் கேட்க வேண்டும்.

உன் அப்பா